பொங்கல் லீவில் சைக்கிளில் கடலோரப் பயணம்: காற்று கை கொடுக்குமா? காலை வாருமா?

ஸ்ரீபெரும்புதூர்,

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்களில் நாகை, தஞ்சை, ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்தில் இருந்து வந்தவர்கள் ஏராளம். ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. "பொங்கலுக்கு ஊருக்கு சைக்கிளிலேயே போனால் என்ன?" என்று அறையில் பேச்சு கிளம்புவது புதிதல்ல.

முடியாத காரியம் இல்லை. மத்தியப் பிரதேசத்தை சேர்ந்த ஆஷா மாளவியா என்ற இளம்பெண் 2022 நவம்பர் 1-ந்தேதி போபாலில் இருந்து தன்னந்தனியாக சைக்கிளில் கிளம்பினார். தமிழகம் உள்பட பல மாநிலங்களை சுற்றி, 20 ஆயிரம் கி.மீ.க்கு மேல் மிதித்து 2023-ல் பயணத்தை முடித்தார். ஆனால் கடலோரத்தில் தனியாக போகிறவருக்கு முதல் எதிரி தூரம் அல்ல, காற்றுதான்.

4 மடங்கு பாரம்

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிரில் இருந்தும் 15 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது. அப்போது முகத்தில் மோதும் காற்று 30 கி.மீ. வேகம். வேகம் 2 மடங்கு ஆனால் காற்றின் தடை 2 மடங்கு அல்ல, 4 மடங்கு ஆகிவிடும். கால் ஓய்ந்து, வேகம் பாதியாக குறைவது சாதாரணம். 80 கி.மீ. போகலாம் என்று நினைத்தவர் 45 கி.மீ.யிலேயே உட்கார்ந்துவிடுவார். கூட்டமாக போனால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கி போகலாம். தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது.

அதே காற்று முதுகில் அடித்தால்? தள்ளிவிட ஆள் கிடைத்த மாதிரி.

எந்த மாதம் நல்லது?

மீனவர்களுக்கு இது கைவந்த பாடம். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான் என்று காற்றுக்கு பெயர் வைத்து தொழில் செய்கிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவக்காற்று. தெற்கே போகிறவருக்கு முதுகு காற்றுதான். ஆனால் மழை, புயல் காலம். 2018 நவம்பர் 16-ந்தேதி வேதாரண்யம் பகுதியை கஜா புயல் புரட்டிப்போட்டதை யாரும் மறக்க முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்துவிடும், காற்று திசை மாறாது. எனவே தெற்கே போக பொங்கல் சமயம் தோதானது. திரும்பி வரும்போது அதே காற்று எதிரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் காற்றாலைகளை சுழற்றும் அந்த காற்றை எதிர்த்து மிதிப்பது வீண் வேலை.

ஒரே நாளிலும் காற்று மாறும். காலையில் அமைதி. வெயில் ஏறியதும் கடல் காற்று கிளம்பும். விடியும்போதே புறப்பட்டு மதியத்துக்குள் அன்றைய தூரத்தை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வழி என்ன?

ஒரகடத்தில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 50 கி.மீ. அங்கே கிழக்கு கடற்கரை சாலையை பிடித்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகை போக மொத்தம் 300 கி.மீ. அளவுக்கு வரும். தினம் 75 கி.மீ. என்றால் 4 நாள். கன்னியாகுமரி வரை 700 கி.மீ.க்கும் மேல் என்பதால் பொங்கல் லீவு போதாது. நாகை வரை மிதித்துவிட்டு, சைக்கிளை ரெயில் லக்கேஜ் பெட்டியில் புக் செய்து திரும்பலாம்.

எங்கே ஆபத்து?

மரக்காணம் உப்பளம் போன்ற வெட்டவெளியிலும், ஆற்றுப் பாலங்களிலும் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பஸ், லாரி கடக்கும்போது காற்று திடீரென்று மறைந்து, சைக்கிள் வண்டிப் பக்கமே சாயும். உயிர் போவது இந்த இடத்தில்தான். கைப்பிடியை இறுக்கி, ஓரத்தில் போக வேண்டும். பழைய பாம்பன் ரெயில் பாலம் பயன்பாட்டில் இருந்த காலத்தில், காற்று 58 கி.மீ. வேகத்தை தாண்டினால் ரெயிலையே நிறுத்தி வந்தார்கள். சைக்கிள் எம்மாத்திரம்?

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பயணத்தை அத்துடன் நிறுத்துவது நல்லது. பின்னால் சிவப்பு விளக்கு, பளிச் நிற சட்டை, ஹெல்மெட் அவசியம். உப்புக்காற்று செயினை அரிக்கும், தினமும் துடைத்து எண்ணெய் விட வேண்டும். போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டு, ராத்திரி தங்கும் இடத்தில் இருந்து போன் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். வேலைக்கு போய் வரும் வழியில் அடிபட்டால் அதை வேலை விபத்தாக கருத 2010-ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தில் திருத்தம் வந்தது. லீவில் ஊர் சுற்றும்போது அடிபட்டால் அது வேலை விபத்து கணக்கில் வராது. கை, கால் போனால் சம்பளமும் போகும். எனவே காற்று எதிர்த்தால் கவுரவம் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவதே மேல்.