போர்வெல் மோட்டாரைத் தேடிவரும் மின்னல்

கோடை மழை இடியோடு இறங்கும் நாட்களுக்குப் பிறகு, காயில் போன போர்வெல் மோட்டார்கள் பட்டறைகளுக்கு வந்து சேரும். ஸ்டார்ட்டரில் ரிலே இருந்துமா எரிந்தது என்பதுதான் உரிமையாளரின் முதல் கேள்வி.

ரிலே மீது குற்றமில்லை. ஓவர்லோடு ரிலேக்குள் இருப்பது சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை. ஆம்பியர் கூடினால் சில நொடிகளோ நிமிடங்களோ கழித்துத்தான் அது மோட்டாரை நிறுத்தும். மின்னல் கம்பியிலோ அதன் அருகிலோ விழுந்தால் கிளம்பும் மின்னழுத்த அலை, மைக்ரோ நொடிகளில் பல ஆயிரம் வோல்ட்டைத் தொட்டு அடங்கிவிடும்.

415 வோல்ட்டுக்குக் கட்டிய காயிலில் அந்த அலை சீராகப் பரவுவதும் இல்லை. நுழையும் இடத்திலுள்ள முதல் சில சுற்றுகளே பெரும்பகுதியைத் தாங்குகின்றன. காப்பில் ஊசிமுனைத் துளை விழுந்த மோட்டார் சில நாள் ஓடிவிட்டும் எரியலாம். பழி அன்றைய லோ வோல்டேஜ் மீது விழும்.

நீர்மூழ்கி மோட்டாருக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. மின்னல் தேடுவது பூமியை. நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கும் மோட்டாரைவிட நல்ல எர்த் அந்தத் தோட்டத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஸ்டார்ட்டர் பெட்டியில், அலையை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரை மாட்டி, காய்ந்த மண்ணில் அடித்த கம்பியோடு இணைத்தால், அலை அதை மதிக்காமல் கேபிள் வழியே கீழே இறங்கிவிடும். அரெஸ்டரின் எர்த் நீர்மட்டம் வரை எட்ட வேண்டும். இரும்புக் கேசிங்கோ ஜி.ஐ. குழாயோ தண்ணீர்வரை போனால் அதனோடு இணைக்கலாம். இப்போது பல கிணறுகளில் இரண்டுமே பிளாஸ்டிக். அங்கே மோட்டார் உடலிலிருந்தே தனி எர்த் ஒயரை மேலே கொண்டுவர வேண்டும். காசு கொடுத்து அரெஸ்டர் வாங்கியவர்கூடக் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

அரெஸ்டரை கிணற்று வாய்க்கு அருகில் வைத்து, இணைப்பு ஒயரை நேராக, குட்டையாக விடுவது நல்லது. மின்னலின் மின்னோட்டம் பாயும்போது மீட்டருக்குச் சுமார் ஆயிரம் வோல்ட் அந்த ஒயரிலேயே ஏறலாம். மிச்ச ஒயரைச் சுருட்டி வைத்தால் கெடுதல்தான்.

லைன் மீது நேராக விழும் மின்னலுக்கு அரெஸ்டரும் முழுக் காப்பு இல்லை. வானம் கறுக்கும்போதே மெயினை இறக்கிவிடலாம். ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தினால் போதாது. அதன் காண்டாக்ட் இடைவெளியைப் பெரிய அலை தாண்டிவிடும். மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும் தோட்டங்களில் மெயினை இறக்க ஆள் இருப்பதில்லை. இடி தொடங்கிய பிறகு ஈர மண்ணில் நின்று பெட்டியைத் தொடுவதோ உயிருக்கே ஆபத்து.

அரெஸ்டருக்குள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லை ஒவ்வொரு பெரிய அலையிலும் கொஞ்சம் தேயும். அது வலுவிழந்ததைக் காட்ட, பல மாடல்களில் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் சின்ன ஜன்னல் வைத்திருக்கிறார்கள்.