குப்பைமேட்டில் குரோமியம்!

பழைய குதிரை லாடமும் ஆணியுமாக ஐந்து ராத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்று கனிமங்கள், தலா பத்து திர்ஹம் எடை. எல்லாவற்றையும் மண்மூசைக்குள் போட்டு மூடி, துருத்தியால் ஊதி உருக்குங்கள். அப்புறம் கடுக்காய், மாதுளம் ஓடு, உப்பு, சிப்பி ஓடு நான்கையும் பொட்டலமாகக் கட்டி உள்ளே தள்ளுங்கள்.

கடுக்காயா? அதேதான், நாட்டுமருந்துக் கடையில் விற்கிறதே, அது! ஆனால் இது லேகியம் இல்லை, வாளுக்கான எஃகு. டமாஸ்கஸ் கொல்லர் ஒருவரின் பக்குவம் இது. ரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றிய தன் நூலில் இதைக் குறித்து வைத்தவர் அல்-பிரூனி (973–1048). மூன்று கனிமங்களில் ஒன்றுக்கு அவர் தரும் பெயர் ரூசக்தஜ். அது எந்தக் கல்? சுவடியை எத்தனை முறை புரட்டினாலும் பதில் கிடைக்காது. குப்பையைத்தான் கேட்க வேண்டும்.

குப்பை இருக்குமிடம் தென் ஈரானின் சாஹக் கிராமம். எஃகுக்குப் பேர்போன ஊர் என்று பாரசீக ஏடுகள் நூற்றாண்டுக்கணக்காகச் சொல்லிவந்த இடம். அங்கேயும் இப்படி மூசையில்தான் எஃகு உருக்கினார்கள்; உடைந்த மூசைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. எஃகுக் கட்டிகளைக் கொல்லர்கள் அப்போதே விற்றுத் தீர்த்துவிட்டார்கள். மிச்சம், மூசையின் உட்சுவரில் ஒட்டிய கசடு. பொன்னே கிடைத்திருந்தாலும் அதை ஆராய்ந்த ரஹில் அலிபூர் குழுவுக்கு இவ்வளவு உதவியிருக்காது!

இனி ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்ப்போம். கசட்டில் ஒரு துண்டை நறுக்கி, பிசினில் பதித்து, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது! பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கி. கசட்டுக்குள் சிறைப்பட்ட குட்டிக் குட்டி எஃகுத் துளிகள் தெரிகின்றன. அவற்றில் 1 முதல் 2 சதவீதம் குரோமியம்! பக்கத்திலேயே, முழுதாகக் கரையாத குரோமைட்டின், அதாவது குரோமியத் தாதுவின், மிச்சங்கள். ரூசக்தஜ் அகப்பட்டுவிட்டது. கசட்டில் மாட்டியிருந்த கரியின் கார்பன் காலக்கணிப்பு சொன்னது 11–12ஆம் நூற்றாண்டு. குரோமியம் என்று ஒரு தனிமம் இருப்பதையே வேதியியல் 1797இல்தான் கண்டுபிடித்தது. சாஹக் கொல்லர்களோ பெயர் தெரியாமலே அதை அளந்து போட்டிருக்கிறார்கள்! (எவர்சில்வர் என்று துள்ளிவிடாதீர்கள், அதற்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டும்.)

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். துளிகளில் பாஸ்பரஸும் 2 சதவீதம் அளவுக்கு இருந்தது. அது எஃகு உருகும் வெப்பத்தைக் குறைக்கும். கூடவே எஃகை நொறுங்கவும் வைக்கும். சாஹக் வாள் பார்க்க அழகு, ஆனால் சட்டென்று முறியும், அதனால் சந்தையில் மதிப்பிழந்தது என்று பழைய ஏடு ஒன்று சலித்துக்கொள்கிறது. அந்தச் சலிப்புக்கு இப்போது ஆய்வக அத்தாட்சி!

2020இல் முடிவுகள் வெளிவந்தன. ஊர் தெரியாமல் அருங்காட்சியகங்களில் தொங்கும் பாரசீக வாள்களில் குரோமியம் தட்டுப்பட்டால், சாஹக்கில் பிறந்ததா என்று இனி கேட்டுப் பார்க்கலாம்.