லடாக் ரைடு போறீங்களா? டவர் இல்லாத இடத்தில் வழிகாட்டும் ஜிபிஎஸ்... வாங்கும் முன் இதை கவனிங்க!

லே நகரைத் தாண்டி ஹான்லே, உம்லிங் லா பக்கம் பைக்கைத் திருப்பினால், கொஞ்ச தூரத்திலேயே போனில் டவர் போய்விடும். தார் ரோடும் முடிந்து, மணலில் நான்கைந்து டயர் தடங்கள் நான்கு பக்கமும் பிரியும். எது ஊருக்குப் போகும், எது ஆற்றங்கரையில் போய் முடியும் என்று கேட்க ஆள் இருக்காது.

இந்த மாதிரி இடங்களுக்காகவே தயாரிக்கப்படுபவைதான் 'ரக்கட் ஜிபிஎஸ்' கருவிகள். அதாவது தண்ணீர், தூசி, அதிர்வு எல்லாவற்றையும் தாங்கும் வழிகாட்டிக் கருவிகள். தமிழ்நாட்டிலிருந்து லடாக், ஸ்பிட்டி கிளம்பும் பைக்கர்கள் பலரும் இப்போது இதைத் தேடுகிறார்கள்.

ஆனால் விலையையும் ஸ்கிரீன் அளவையும் மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீணாகலாம். அதைவிட முக்கியம், தவறான மாடலை வாங்கினால் இந்தியாவில் போலீஸ் வழக்கே வரலாம். எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கே, தனி கருவி எதுக்கு?

நியாயமான கேள்விதான். முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஜிபிஎஸ் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை, டவரும் தேவையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை உங்கள் போன் வாங்கிக்கொள்கிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுவிடும்.

டவர் இல்லாதபோது காணாமல் போவது மேப்தான். நீலப் புள்ளி இருக்கும், அதைச் சுற்றி வெறும் சாம்பல் கட்டம் இருக்கும். ஆகவே மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துவைத்தால் சாதாரண போனும் வழிகாட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து இயங்கும் ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் மண் தடங்கள்கூட பல இடங்களில் இருக்கும்.

சரி, பிரச்னை எங்கே? அதிர்வு. பைக் இன்ஜினிலிருந்து ஹேண்டில்பார் வழியாக வரும் அதிர்வு, கேமராவில் படம் அசையாமல் இருக்க உதவும் நுட்பமான பாகங்களைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அடுத்தது வெயில். மதிய வெயிலில் சூடேறினால் போன் தானாகவே ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைக்கும், சில நேரம் அணைந்தே போகும். மூன்றாவது, கீழே விழுந்தால் உடைவது மேப் மட்டுமல்ல, அவசரத்துக்குப் பேச வேண்டிய போனும்தான்.

பைக் டிஸ்பிளேவிலேயே மேப் வருதே?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போன்ற பைக்குகளில் மீட்டரிலேயே கூகுள் மேப் தெரிகிறது. ஆனால் அந்த மேப் வருவது உங்கள் போனிலிருந்து. போன் சார்ஜ் இறங்கினாலோ, மேப் டவுன்லோடு ஆகாமல் இருந்தாலோ அந்த டிஸ்பிளே கைகொடுக்காது. நெடுஞ்சாலைக்கு அருமையான வசதி, காட்டுத் தடத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

வாட்டர் புரூஃப் என்று போட்டிருந்தால் போதுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் 'ஐபி' என்று ஆரம்பிக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு.

• ஐபிஎக்ஸ்7: 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். 'எக்ஸ்' என்றால் தூசி பாதுகாப்புக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்று பொருள்.
• ஐபி67: அதே அளவு தண்ணீர் பாதுகாப்பு. கூடவே, தூசி உள்ளேயே போகாது.

இன்னொரு விஷயம். 7 என்ற எண் மூழ்குவதற்கான சோதனை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது பொருந்தாது. எனவே ரைடு முடிந்து வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள். ஓடையைக் கடக்கும்போது தப்பித்த கருவி, சர்வீஸ் சென்டரில் போய்விடக் கூடாது.

டச் ஸ்கிரீனா, பட்டனா?

கையில் ரைடிங் கிளவுஸ், ஸ்கிரீன் மேல் மழைத்துளி. இந்த நிலையில் சாதாரண டச் ஸ்கிரீன் தடுமாறும். துளி விழுந்தாலே மேப் தானாக நகரும்.

கார்மின் நிறுவனத்தின் இடிரெக்ஸ் 22 எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 66, 67 வரிசைகள் பட்டனில் இயங்குபவை. ஸ்கிரீன் சின்னது, ஆனால் மழையிலும் பனியிலும் பிரச்னை இல்லை. அதே நிறுவனத்தின் மொன்டானா 700 (5 இன்ச்), பைக்குக்கென்றே வந்த ஜூமோ எக்ஸ்டி (5.5 இன்ச்) ஆகியவை கிளவுஸோடு தொட்டாலும் வேலை செய்யும் டச் ஸ்கிரீன்கள். நின்றுகொண்டே ஓட்டும்போது ஒரு நொடி பார்வையில் மேப் புரிய வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய ஸ்கிரீன்தான் சரி. நடைப்பயணத்துக்கும் சேர்த்து வாங்குபவர்களுக்கு பட்டன் மாடல் போதும்.

வாங்கும் முன் கடைக்கு உங்கள் கிளவுஸை எடுத்துச் செல்லுங்கள். போட்டுக்கொண்டு இயக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

நிறுவனங்கள் சொல்லும் கணக்குப்படி ஜூமோ எக்ஸ்டி முழு வெளிச்சத்தில் சுமார் மூன்றரை மணி நேரம்தான் தாங்கும். பைக் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது அது. மொன்டானா 700 சுமார் 18 மணி நேரம். இடிரெக்ஸ் 22 எக்ஸ் இரண்டு ஏஏ செல்லில் சுமார் 25 மணி நேரம். ஜிபிஎஸ்மேப் 67 சுமார் 180 மணி நேரம்.

பைக்கே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். அப்போது நடந்து திரும்ப கருவி உயிரோடு இருக்க வேண்டும். அந்த வகையில் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ செல் போடும் கருவி ஒரு பெரிய ஆறுதல். ஆனால் கடும் அதிர்வில் செல்லும் ஸ்பிரிங்கும் ஒரு நொடி விலகினால் கருவி அணைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். குளிரில் சாதாரண அல்கலைன் செல் சீக்கிரம் தளர்ந்துவிடும், லித்தியம் செல் அதைவிட நன்றாகத் தாங்கும்.

பைக்கிலிருந்து வயர் இழுப்பதானால் ஃபியூஸ் கட்டாயம். சாதாரண யூஎஸ்பி சொருகல் குலுங்கிக் குலுங்கி லூஸாகும், தண்ணீரும் புகும். கருவி உட்காரும் மவுன்டிலேயே மின் இணைப்பு இருக்கும் வகைதான் ஆஃப்-ரோடுக்கு ஏற்றது. கூடவே ஒரு சின்னக் கயிறு கட்டிவிடுங்கள். மவுன்ட் உடைந்தாலும் கருவி பள்ளத்தில் போகாது.

'ரூட்' வேறு, 'ட்ராக்' வேறு!

கருவி வாங்கிய பிறகு பலர் செய்யும் தவறு இதுதான். 'ரூட்' என்பது சில புள்ளிகளைக் கொடுத்து, நடுவில் எப்படிப் போவது என்று கருவியையே கணக்குப் போட விடுவது. உங்கள் கருவியில் உள்ள மேப்பில் அந்த மண் பாதை இல்லாவிட்டால், அது உங்களை வேறு வழியாகச் சுற்றவிடும். 'ட்ராக்' என்பது ஏற்கெனவே ஒருவர் போன தடம், அப்படியே கோடாக இருக்கும். கருவி அதை மாற்றாது.

ஆகவே நண்பர்கள் ஜிபிஎக்ஸ் ஃபைல் அனுப்பினால், அது ரூட்டா ட்ராக்கா என்று கேளுங்கள். டிரெயில் ரைடுக்கு ட்ராக்தான் நம்பகமானது.

அதைவிட முக்கியம், கிளம்பும்போதே உங்கள் தடத்தைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். வழி தவறினால் புது வழி தேட வேண்டாம். வந்த கோட்டைப் பிடித்துத் திரும்பினால் போதும். எத்தனை விலை உயர்ந்த கருவியிலும் உயிர் காக்கும் வசதி இந்த ஒன்றுதான்.

உஷார்! இந்த மாடல் இந்தியாவில் சிக்கல்

இப்போது முக்கியமான விஷயம். சாதாரண ஜிபிஎஸ் கருவி சிக்னலை வாங்க மட்டுமே செய்யும், எதையும் அனுப்பாது. ஆனால் சில மாடல்கள் செயற்கைக்கோள் வழியாக மெசேஜும் எஸ்ஓஎஸ் அழைப்பும் அனுப்பும். கார்மினின் 'இன்ரீச்' அந்த வகை. இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக அது இயங்குகிறது.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன், மெசேஞ்சர் கருவிகளைப் பயன்படுத்த மட்டுமல்ல, வைத்திருக்கவும் கூடாது. மும்பையில் 2008 நவம்பரில் நடந்த தாக்குதலில் செயற்கைக்கோள் போன் பயன்படுத்தப்பட்ட பிறகு கட்டுப்பாடு மேலும் இறுகியது. இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் டெல்லி, கோவா விமான நிலையங்களில் சிக்கிய செய்திகளும் வந்தன. பிரிட்டன் அரசு தன் குடிமக்களுக்கான பயண அறிவுரையிலேயே இதைச் சொல்லி எச்சரிக்கிறது.

இதில் குழப்பம் என்னவென்றால், இரண்டு வகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மொன்டானா 700 வெறும் ஜிபிஎஸ். அதே உருவத்தில் எண்ணுக்குப் பின்னால் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால் இன்ரீச் உள்ளது. ஜிபிஎஸ்மேப் 66, 67 மாடல்களிலும் இதே கதைதான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ நண்பரோ வாங்கி வருவதாகச் சொன்னால், இந்த ஒரு எழுத்தை முதலில் சொல்லிவிடுங்கள். சந்தா கட்டவில்லை, ஆன் செய்யவே இல்லை என்ற விளக்கமெல்லாம் விமான நிலையத்தில் உதவாது.

அப்போ அவசரத்துக்கு என்ன செய்வது?

• தனியாகப் போகாதீர்கள். இரண்டு பைக்காவது வேண்டும்.
• போகும் தடத்தின் ஜிபிஎக்ஸ் ஃபைலையும், திரும்பும் நேரத்தையும் வீட்டிலும் தங்குமிடத்திலும் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.
• லடாக், ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் இயங்காது. போஸ்ட்பெய்டு அவசியம்.
• சிக்னல் கிடைத்ததும் 112. உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் அவசர அழைப்பு போகும்.

இடத்தைச் சொல்லும்போது இன்னொரு கவனம் தேவை. கர்துங் லா கணவாய் வட அட்சரேகை 34.278 டிகிரியில் இருக்கிறது. இதையே டிகிரி, நிமிடம் என்று எழுதினால் 34 டிகிரி 16.7 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நிமிடம் என்று தவறாக நினைத்து '34 டிகிரி 27.8 நிமிடம்' என்று சொல்லிவிட்டால், தேடுபவர்கள் சுமார் 20 கி.மீ. தள்ளிப் போய் நிற்பார்கள். கிளம்பும் முன்பே குழுவில் எல்லோரும் ஒரே முறைக்குக் கருவியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் காட்டில் ஓட்டலாமா?

கருவி வாங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் சோதித்துப் பார்க்க ஆசை வரும். மேப்பில் கோடு இருக்கிறது என்பதற்காக அங்கே போக அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. காப்புக்காடு, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அத்துமீறிப் போனால், பதிவான ட்ராக்கே சாட்சியாகிவிடும்.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. மழையில், கிளவுஸோடு இயக்க முடிகிறதா?
2. குறியீட்டில் தூசிக்கும் எண் இருக்கிறதா?
3. பைக் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும்?
4. டவர் இல்லாமல் மேப் முழுதும் கருவிக்குள்ளேயே இருக்கிறதா?
5. மெசேஜ் அனுப்பும் வசதி உள்ளே இருக்கிறதா? இருந்தால், வேண்டாம்.

வருடத்துக்கு ஒரு ரைடு மட்டும் போகிறவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் ஆஃப்லைன் மேப் ஏற்றி, நல்ல மவுன்ட்டில் பொருத்தி, நல்ல போனை பாக்கெட்டில் வைத்துக்கொண்டாலே பாதி பிரச்னை தீர்ந்தது. எதை எடுத்துப் போனாலும், ஊரைச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பழகிவிட்டுப் போங்கள். பட்டன் எங்கே என்று தேட வேண்டிய இடம் உம்லிங் லா இல்லை.