லிங்க் எங்கே கொண்டுபோய் விடுகிறது?

அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத மருந்துகளைக்கூட நேரடியாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு. மருந்தின் பெயரையும் அது எதற்கு என்பதையும் சொன்னால், அதன் ஆபத்துகளையும் கூடவே சொல்லியாக வேண்டும். இதைக் கண்காணிப்பது எஃப்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு.

மருந்துக் கம்பெனிகள் இன்னொரு வகையிலும் நோயாளிகளுக்காக எழுதுகின்றன. சொரியாசிஸ் என்றால் என்ன, அறிகுறிகள் என்ன, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று விளக்குவார்கள். எந்த மருந்தின் பெயரும் இருக்காது. பெயர் இல்லாததால் பக்கவிளைவுப் பட்டியலும் தேவையில்லை. நல்ல தகவல் தரும் பக்கங்கள் இவற்றில் நிறையவே உண்டு.

இப்போது அப்படி ஒரு பக்கத்தின் அடிப்பகுதிக்கு வருவோம். 'மேலும் அறிய' என்று சில லிங்க்குகள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் சின்னதாக ஒரு பெட்டி எழும்: 'நீங்கள் எங்கள் தளத்தை விட்டு வெளியேறுகிறீர்கள். அங்குள்ள தகவல்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.' நாமும் சரி என்று அழுத்திவிட்டுப் போகிறோம்.

நம்மில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். பெட்டி வந்துவிட்டது, எனவே கம்பெனிக்கும் அடுத்த பக்கத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஊருக்குப் புதிதாக வந்தவர் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். கடைக்காரர் தன் மச்சான் நடத்தும் மெஸ்ஸைக் கைகாட்டிவிட்டு, 'ருசிக்கு நான் பொறுப்பில்லை' என்கிறார். ருசிக்கு அவர் பொறுப்பில்லாமல் இருக்கலாம். அந்த மெஸ்ஸைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது அவர்தானே?

எஃப்.டி.ஏ.வும் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 2009-இல் 14 கம்பெனிகளுக்கு அது கடிதம் அனுப்பியது. தேடுபொறி விளம்பரங்களில் மருந்தின் பெயரும் பயனும் இருந்தன, ஆபத்துகள் இல்லை. ஒரு கிளிக் தள்ளிப் போனால் ஆபத்துகளைப் படிக்கலாமே என்பது கம்பெனிகள் பக்கத்து எண்ணம். அது போதாது என்றது எஃப்.டி.ஏ. அடுத்த ஆண்டு, நோய் விழிப்புணர்வு போலத் தோன்றிய, நோவார்ட்டிஸ் என்ற மருந்துக் கம்பெனியின் இரண்டு தளங்களைப் பற்றிக் கடிதம் போனது. சிகிச்சையை விவரித்த விதத்தையும், அதே கம்பெனியின் கிளீவெக் மருந்தின் தளத்துக்குப் போகும் லிங்க்குகளையும் சேர்த்துப் பார்த்து, அவை கிளீவெக்கை விளம்பரப்படுத்துபவையே என்று முடிவு செய்தது.

அதனால்தான் பொறுப்பான கம்பெனிகளில் மருத்துவம், சட்டம், ஒழுங்குமுறை தெரிந்த மூவரும் ஒவ்வொரு லிங்க்கையும் பார்த்த பிறகே பக்கம் வெளியாகும். அரசின் மெட்லைன்பிளஸ் தளத்தின் முகப்புக்கு லிங்க் கொடுப்பதில் சிக்கல் குறைவு. தங்கள் மருந்தை மட்டும் புகழும் ஓர் உள்பக்கத்துக்குக் கொடுத்தால், அந்தப் புகழ்ச்சியைக் கம்பெனியே சொன்னதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. வெளித்தளம் நாளை மாறவும் கூடும். ஆகவே அவ்வப்போது திரும்பிப் பார்க்கவும் வேண்டும்.

வாசகராக நாம் செய்யக்கூடியது எளிது. பக்கத்தின் அடியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். லிங்க்குகளைத் தொடர்ந்து போய், பல சிகிச்சைகளை விளக்கும் இடங்களுக்குப் போகின்றனவா, எல்லாம் ஒரே மருந்தில் போய் முடிகின்றனவா என்று கவனியுங்கள். ஒரே மருந்தில் முடிந்தால், படித்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த முறை டாக்டரிடம், 'இதற்கு வேறு என்னென்ன சிகிச்சை இருக்கிறது?' என்று கேளுங்கள்.