தமிழோடு வரும் நிறுவல் வட்டு

ஒரு கணினியில் பணிசெயல் முறைமையை நிறுவுவது பெரிய வேலையல்ல. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். தமிழ் எழுத்துரு போட வேண்டும், விசைப்பலகை போட வேண்டும், பிள்ளைகளுக்குத் தேவையான மென்பொருள்களைப் போட வேண்டும். பதினைந்து கணினி என்றால் பதினைந்து தரம். இணையம் ஒழுங்காக வராத எங்கட பாடசாலை போன்ற இடங்களில் அது பாதியிலேயே நின்றுவிடும். பிறகு, தமிழ் தெரியாத கணினிக்கு முன்னால் தமிழ்க் கட்டுரையோடு பிள்ளை உட்கார்ந்திருக்கும். தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது சின்ன விடயமல்ல.

வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே உள்ளே வைத்து எங்களுக்கென்று ஒரு நிறுவல் வட்டைச் செய்துகொள்வதுதான் இதற்கு வழி. பழைய கணினிகளுக்குப் பொருந்தும் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை உதாரணமாக எடுப்போம்.

நிறுவல் வட்டுக்குள் முழு முறைமையும் சுருக்கப்பட்டு ஒரே கோப்பாக இருக்கிறது. அந்த முறைக்கு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று பெயர். நிறுவும்போது நடப்பது, அதை விரித்து வன்தட்டில் பிரதி பண்ணுவதுதான். ஆகவே அந்தக் கோப்பைத் திறந்து மாற்றி மறுபடி மூடினால், அந்த மாற்றம் எல்லாக் கணினிக்கும் போய்ச் சேரும்.

இதற்குக் கியூபிக் என்ற இலவச மென்பொருள் உண்டு. மூல ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டினால் அது விரித்து, ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்து தரும். அங்கே கொடுக்கும் கட்டளைகள் உங்கள் கணினியைத் தொடாது; வட்டுக்குள் இருக்கும் முறைமையையே மாற்றும். இணையம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். நான் சேர்ப்பவை: லோகித், நோட்டோ தமிழ் எழுத்துருக்கள், ரெங்கநாதன் விசைப்பலகைக்காக ஐபஸ், எம்17என் பொதிகள், லிப்ரே ஒபிஸின் தமிழ் மொழிப்பொதி. பழைய வினாத்தாள்கள் பாமினியில் இருப்பதால் அந்த எழுத்துருவும் வேண்டும். இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். புதிய பயனர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டிய அமைப்புகளை ஸ்கெல் என்ற கோப்புறையில் வைக்கலாம். தேவையில்லாத பொதிகளை நீக்கினால் இடம் மிஞ்சும்.

முடிந்ததும் கியூபிக் புதிய ஐஎஸ்ஓவை ஆக்கித் தரும். டிவிடியில் எழுதுவதானால் 4.7 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. பென்டிரைவ் என்றால் அந்தக் கவலை இல்லை. எதில் எழுதினாலும், முதலில் வேர்ச்சுவல்பொக்ஸில் நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு பந்தி தமிழில் தட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடவுச்சொல், மாணவர் விபரம், சொந்தக் கோப்பு எதையும் வட்டுக்குள் விடாதீர்கள். பிரதி எடுக்கிற எல்லாரிடமும் அதுவும் போகும்.

மின்ட் தங்கியிருக்கும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒன்று வருகிறது. அப்போது வட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஆகவே கொடுத்த கட்டளைகளை வரிசையாக ஒரு கொப்பியில் எழுதி, கணினி அறையிலேயே வையுங்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்து வருகிற ஆசிரியர் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்.