நான் வைத்திருந்த கார்கள் – 9: பக்கத்து ஊரில் பிறந்தவை

சென்ற வாரங்களில் பார்த்த பத்மினி பம்பாய் குர்லாவில் பிறந்தது. மாருதி 800 குர்கானில். இந்த வாரம் எழுதப்போகும் மூன்று கார்களும் தாம்பரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய ஊர்களில் செய்யப்பட்டவை. வாங்கியபோது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இன்று நினைக்கிறேன்.

முதலாவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரயம்ஃப் ஹெரால்டுதான். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் வண்டலூர் ஆலையில் அதைச் செய்தது. 948 சிசி இன்ஜின். பேனட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். முழு வட்டமடிக்க 25 அடி இடம் போதும். மாம்பலம் சந்துகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

இங்கிலாந்தில் அந்தக் காருக்குக் கடைசிவரை பக்கத்துக்கு ஒரு கதவுதான். வீட்டோடு கிளம்புகிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது ஒத்துவராது. நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கியவர்கள் வண்டலூர்க்காரர்கள். செகண்ட் ஹேண்டாக நான் வாங்கியது அதைத்தான். முன்சீட்டை மடக்கச் சொல்லாமல் என் அம்மா பின்னால் ஏறி உட்கார முடிந்தது என்றால், அது அந்த ஆலையில் யாரோ நம்மை நினைத்து வேலை செய்ததால்.

1985-இல் அந்த நிறுவனம் ஸ்டாண்டர்ட் 2000 காரை இறக்கியது. வெளியே ரோவர் எஸ்டி1 உடம்பு; உள்ளே பழைய வான்கார்டு இன்ஜின். விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். சந்தையில் நிற்கவில்லை. 1988-இல் ஆலை மூடியது.

என் ஹெரால்டு அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. காரணம், அந்த ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் பெருங்களத்தூரில் சின்னதாகப் பட்டறை போட்ட ஒருவர். கழற்றிய சாமான்களைப் புதுப்பேட்டையில் தேடுவார். மிச்ச ஸ்டாக்கை ஜி.பி. ரோட்டில் விசாரிப்பார். இரண்டு இடத்திலும் இல்லாததை லேத்தில் கடைந்துவிடுவார். நான் கவலைப்பட்டபோதெல்லாம், "சாமான் இல்லன்னு யாரு சொன்னா சார்? நான் இருக்கேன்ல?" என்பார். கம்பெனி கைவிட்டுப் போன வாக்குறுதியை ஒரு தனி மனிதர் ஏற்றுக்கொண்டார் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஃபோர்டு ஐகான். மறைமலை நகரில் 1999-இல் வெளிவந்தது. ஃபியஸ்டாவை அடிப்படையாக வைத்து இந்தியாவுக்கென்று வடிவமைத்த செடான். 1.6 இன்ஜினோடு திருச்சி நெடுஞ்சாலையில் கிளம்பினால் திருநெல்வேலி கிட்டத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றும். மூன்றாவது, இன்றும் வாசலில் நிற்கும் ஹூண்டாய் ஐ10. இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. 2007-இல் அது வந்தபோது ஐரோப்பாவுக்கும் இங்கிருந்தேதான் கப்பலேறியது.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த வருஷம் மறைமலை நகரில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஐகானை நான் விற்று நெடுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது பெருங்களத்தூர் மனிதர்தான் நினைவுக்கு வந்தார். நஷ்டம் எத்தனை, முதலீடு எத்தனை என்று எழுதினார்கள். ஒரு கதவு சத்தமில்லாமல் மூட எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தெரிந்த கைகள் எங்கே போகும் என்று எழுதியவர்கள் குறைவு.

ஏற்றுமதிக்காக அதே ஆலையை மறுபடி பயன்படுத்தப்போவதாக 2024-இல் ஃபோர்டு அறிவித்தபோது மனதார மகிழ்ந்தேன். ஆனால் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறது. ஒரு ஆலையின் சொத்துக் கணக்கில் நிலமும் கட்டடமும் இயந்திரமும் வரும். தொழிலாளியின் கை வராது. வண்டலூரில் அந்தக் கைகள் தாமாகவே பட்டறை தேடிக்கொண்டன. அடுத்த முறையும் அப்படி விடக்கூடாது. ஆலைக்கு நிலம் கொடுத்து வரவேற்கிற அரசு, ஆலை மூடும்போது அந்தத் தொழிலாளர்களை வேறு ஆலைகளில் சேர்ப்பதையும் தன் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காரை முப்பது வருஷம் ஓட்டவைக்கிற அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த வாரம்: உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர்.

(தொடரும்)