ஏலக்கரையில் தொடங்கும் பாடம்

ஊரகப் பெண்களுக்கு அளிக்கப்படும் பயிற்சிகளில் இன்று அடிக்கடி இடம்பெறும் தலைப்புகள் இரண்டு. பெண், ஆண் என்ற உடல் வேறுபாடு இயற்கையானது என்றும், வேலை, கூலி, சொத்து, முடிவெடுக்கும் இடம் ஆகியவற்றில் ஊரும் குடும்பமும் அவ்விருவர்க்கிடையே வகுத்துவைத்த வேறுபாடு மனிதர் செய்தது, ஆகவே மாற்றத்தக்கது என்றும் உணர்த்துவது பாலினச் சமத்துவப் பயிற்சி. ஒரு மக்கள் பிரிவின் பொதுக் குறையைத் தீர்ப்பதை நோக்கமாகக் கொண்டு, நன்கொடையை எதிர்பாராமல் தன் விற்பனை வருவாயிலேயே நடந்து, கிடைக்கும் லாபத்தின் பெரும்பகுதியை அந்நோக்கத்திற்கே திருப்பும் தொழிலைக் கற்பிப்பது சமூகத் தொழில்முனைவுப் பயிற்சி. பெரும்பாலும் இவை வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு பயிற்றுநர்களால், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போல நடத்தப்படுகின்றன. காவிரிப் படுகையின் கடலோரமான தரங்கம்பாடிப் பகுதியின் வாழ்க்கையை உற்று நோக்குபவர்க்கு, இவ்விரண்டும் ஒரே பாடம் என்பதும், ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கற்பிப்பதால் பெண்ணின் தலையில் கடன் மட்டுமே மிஞ்சும் என்பதும் விளங்கும்.

2020இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் இன்று அடங்கும் தரங்கம்பாடி, பெண்கல்வி வரலாற்றில் புதிய பெயரன்று. 1620இல் தஞ்சை நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்ற இத்துறைமுகத்திற்கு 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மறைபரப்பாளர் சீகன்பால்கு, அடுத்த ஆண்டிலேயே பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கினார். எனினும் எழுத்தறிவு வந்த இடத்தில் எல்லாம் உரிமையும் உடன் வந்துவிடவில்லை. இக்கரையின் பட்டினவர் மீனவ ஊர்களில் கடலுக்குச் செல்பவர் ஆண். வந்திறங்கும் மீனை ஏலத்தில் எடுத்து, விற்று, மீந்ததைக் கருவாடாக்கிப் பணமாக்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆயினும் ஊர்ப் பொதுக் காரியங்களைத் தீர்மானிக்கும் மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களுடையது. வரி கொடுக்கும் தலைக்கட்டு என்ற கணக்கில் வருபவரும் ஆண்களே. மீனைப் பணமாக்கும் கைகளுக்கு, அப்பணம் பற்றிய ஊர்த் தீர்மானத்தில் இடமில்லை.

இந்தக் கணக்கின் கொடுமை 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பின் வெளிப்பட்டது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. படகுகள் திரும்பும் நேரத்தில் மீன் வாங்கக் கரையில் நின்றதும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்ததும் அதற்கான காரணங்களில் அடங்கும். பின்னர் ஊர்ப் பட்டியலைக் கொண்டு நிவாரணம் பிரிக்கப்பட்டபோது, தலைக்கட்டு இல்லாத கைம்பெண்களும் தனித்து வாழ்ந்த பெண்களும் பல இடங்களில் விடுபட்டனர். இவ்விடத்தில் அரசு எடுத்த ஒரு முடிவைத் தனித்துப் பாராட்ட வேண்டும்: கட்டித் தரப்பட்ட நிலையான வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என 2005இல் அது ஆணையிட்டது. பட்டாவில் பெயரேறிய பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றுவது எளிதன்று; தன் உரிமையைக் காட்டவும் அவளுக்கு ஓர் ஆவணம் உண்டு. எத்தனை நாள் வகுப்பெடுத்தாலும் இந்த ஒரு வரி தரும் உறுதியைத் தர இயலாது.

கடலை விட்டு மேற்கே நெல்வயல்களுக்குச் சென்றால் இதே உண்மையை இன்னும் அழுத்தமாகக் காணலாம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித் மக்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட பின், காந்தியவழித் தொண்டர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் இப்பகுதியிலேயே தங்கிப் பணியாற்றி, 1981இல் 'லாஃப்டி' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் உழுபவர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினர். நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் அளவில் பிரித்துக் கொடுத்த அவ்வியக்கம், பத்திரத்தைப் பெண்ணின் பெயரிலேயே பதிந்தது. பாய் முடைதல், தையல், தச்சு, செங்கல் அறுத்தல் முதலிய தொழில்களையும் அது கற்பித்தது. முதலில் நிலம், அதன்மேல் தொழில் என்ற இந்த வரிசைமுறையில்தான் அதன் அறிவு விளங்குகிறது. பயிற்சித் திட்டங்கள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

தமிழ்நாட்டில் மகளிர் பயிற்சிக்கு இன்றுள்ள கட்டமைப்பு சுய உதவிக் குழுக்களின் வழியே வந்தது. 1983இல் அமைந்த மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் குழுக்களைத் தொடங்கி, பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரப்பியது. ஊக்குநர், பிரதிநிதி, தீர்மானப் புத்தகம், குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்க்குத் தரும் உள்கடன் ஆகிய சொற்கள் இன்று எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பழகியவை. கைநாட்டு வைத்தவர் கையெழுத்திட்டதும், வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து பேசியதும் சிறிய பேறுகள் அல்ல. ஆனால் குழுக் கடன் பெண்ணின் பெயரில் வாங்கப்பட்டு, பணம் வீட்டு ஆணின் கையில் செலவாகி, தவணை மட்டும் மீண்டும் அவள் தலையில் விடியும் குடும்பங்கள் உண்டு என்பதைக் குழுக்களில் உள்ள எவரும் மறுக்கமாட்டார்கள்.

இதைத் தடுக்கும் பாடத்தை ஏலக்கரையிலேயே தொடங்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு மீன்காரம்மா விடியற்காலையில் 2,000 ரூபாய்க்குக் கிழங்கானும் மத்தியும் ஏலம் எடுத்து, பொறையாறு அல்லது மயிலாடுதுறைப் பக்கம் கொண்டு சென்று 2,600 ரூபாய்க்கு விற்று வருகிறார் எனக் கொள்ளலாம். கேட்டால், அறுநூறு ரூபாய் கிடைத்தது என்பார். ஐஸுக்கு 60, ஷேர் ஆட்டோவுக்கு 120, தரை வாடகை 20, டீயும் சாப்பாடும் 50, ஏலத்திற்கெனக் காலையில் வாங்கி மாலையில் திருப்பும் அந்த 2,000 ரூபாய்க் கைமாற்றுக்கு வட்டி 50 என ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினால் மிஞ்சுவது 300. விடியற்காலை முதல் பிற்பகல் வரை உழைத்த நேரத்திற்கான கூலியும் அதற்குள்ளேயே அடக்கம். மாதம் 25 நாள் எனில் வட்டி மட்டும் 1,250 ரூபாய் ஆகிறது; அதே 2,000 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டியில் உள்கடனாகப் பெற்றால் 40 ரூபாய். தொழில் பற்றிய இக்கணக்கைப் போட்டு முடித்ததும் அடுத்த கேள்விகள் தாமே எழுகின்றன. அந்த 300 ரூபாயை வைத்துக்கொள்பவர் யார்? வீடு திரும்பிய பின் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் சுமப்பவர் யார்? வருவாய்க் கணக்கைப் போட்ட அதே பலகையில் இவற்றையும் எழுதும்போது, சமத்துவம் என்பது வகுப்பறைச் சொல்லாக இல்லாமல் அன்றாடக் கணக்கில் ஓர் இனமாகிவிடுகிறது.

சமூகத் தொழில்முனைவின் வித்தும் இக்கணக்கிலேயே உள்ளது. தனித்தனியே ஏலம் கேட்டு ஒருவர்க்கொருவர் விலையை ஏற்றிவிடும் பெண்கள், சேர்ந்து எடுத்து, ஒரே வண்டியில் ஏற்றி, ஐஸ் பெட்டியைப் பொதுவில் வைத்துக்கொண்டால் செலவு குறையும். மிச்சத்தில் ஒரு பகுதியை மூப்படைந்த, நோயுற்ற உறுப்பினர்க்கென ஒதுக்கினால் அது சமூகத் தொழில். சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, சிறு வியாபாரப் பெண்களைத் தெருவாரியாகத் திரட்டி, பின்னர்த் தஞ்சைக் கடற்கரையின் அதிராம்பட்டினம் மீனவப் பெண்களிடமும் சென்றது. கடன், குழு, தலைமை ஆகிய மூன்றையும் பெண்களிடமே வைத்தது. தரங்கம்பாடிக்கு வடக்கே பூம்புகாரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'அனைவருக்கும் மீன்' என்ற பெயரில் நடத்தும் மையம், மீனைச் சுகாதாரமாகக் கையாளவும் மதிப்புக் கூட்டவும் மீனவப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறது. மதிப்புக் கூட்டுதல் என்பது மீனைக் கருவாடு, ஊறுகாய் போன்ற பொருளாக்கிக் கூடுதல் விலைக்கு விற்பது. கருவாட்டை மணலில் பரப்பாமல் உயர்த்திய பரணில் காயவைத்தால் மண் ஒட்டாது, நாயும் காக்கையும் அண்டா, வாங்குபவரும் நல்ல விலை தருவர்.

ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தப்படும் சமத்துவப் பயிற்சி பாதிப் பயிற்சியே என்பதையும் சொல்ல வேண்டும். ஏலத்தை ஒழுங்கு செய்பவரும், விற்பனைக்கான இடத்தைத் தீர்மானிப்பவரும் ஊர்ப் பஞ்சாயத்தார் ஆதலால், பெண்கள் குழுவின் கணக்கை அவர்கள் முன் பெண்களே படித்துக் காட்டும் ஓர் அமர்வு, ஆயத்த விரிவுரை பத்தினும் பயன் தரும்.

பயிற்சியின் நேரமும் இப்பெண்களின் அன்றாடத்திற்கு ஏற்ப அமைய வேண்டும். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்ற அலுவலக அட்டவணை, விடியலில் கரைக்குச் சென்று பிற்பகலில் வீடு திரும்பும் பெண்ணுக்குப் பொருந்தாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலத்தில் கரையில் வேலை குறைவாதலால், அதுவே வகுப்புக்கு ஏற்ற காலம். ஆனால் அதுவே வீட்டில் வருவாய் மெலியும் காலமும் ஆகும். வரும் நாளுக்குரிய உதவித்தொகையையும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் திட்டச் செலவிலேயே சேர்த்தால்தான், மிகவும் தேவையுள்ள பெண்கள் அங்கு வந்து உட்கார முடியும்.